பலகையைச் சுற்றி நிற்பவர்கள்

(ஒரு செஸ், கேரம் மன்றத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் ஆடுபவர்களைப் பாராட்டிவிட்டார்கள். சரி, அது அவர்களுக்கு உரியது. ஆனால் இந்தக் கூடத்தை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். ஒரு கேரம் போர்டில் ஆடுவது நாலு பேர், சுற்றி நிற்பது பத்துப் பேர். செஸ் மேசையில் உட்கார்ந்திருப்பது இரண்டு பேர், தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பது ஐந்து பேர். தலையை எண்ணினால் இந்த மன்றம் வேடிக்கை பார்ப்பவர்களுடையதுதான். அவர்களிடம்தான் எனக்குக் கொஞ்சம் பேச்சு இருக்கிறது.

வேடிக்கை பார்ப்பதை நான் மட்டமாகச் சொல்லவில்லை. 1972-இல் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் டால் செஸ் கிளப் தொடங்கியது. விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாகப் போய் ஆடிய இடம் அது. அங்கே வேக ஆட்டத்தில் ஜெயித்தவர் நாற்காலியிலேயே இருப்பார், தோற்றவர் எழுந்து இடம் விடவேண்டும். மறுபடி முறை வரும்வரை நின்று பார்க்க வேண்டியதுதான். நின்று பார்த்தே பாதி ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளலாம். கேரமும் அப்படித்தான். இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயம், 2008-இல் பட்டம் வென்ற இளவழகி, 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எல்லாரும் நம் சென்னைக்காரர்கள். இந்த ஊரில் கூட்டம் சூழாத கேரம் போர்டு ஏது?

ஆகவே பாருங்கள், தாராளமாகப் பாருங்கள். வாயை மட்டும் மூடிக்கொண்டு பாருங்கள்.

‘நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்’ என்பார்கள். அங்கேதான் சிக்கல். நீங்கள் சொன்ன யோசனை தப்பாக இருந்தால் ஒரு ஆட்டம் கெட்டது, அதோடு போயிற்று. சரியாக இருந்தால்தான் பெரிய வம்பு. குதிரையை அங்கே வை என்று நீங்கள் முணுமுணுக்கிறீர்கள். அவருக்கும் அதே நகர்த்தல் தோன்றியிருக்கிறது, கை அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது அவர் வைத்தால் நீங்கள் சொல்லி வைத்ததாக ஆகிவிடும். வைக்காமல் விட்டால் நல்ல நகர்த்தல் போச்சு. ஜெயித்தாலும் அந்த வெற்றி அவருடையதில்லை. எதிரே இருப்பவருக்கும் தோற்றோமா, தோற்கடிக்கப்பட்டோமா என்று கடைசிவரை தெரியாது. ஒரே ஒரு முணுமுணுப்பில் இரண்டு பேரின் ஒரு மணி நேர உழைப்பு வீணாகிறது.

இந்த வியாதி நமக்கு மட்டும் உள்ளதில்லை. சீனச் சதுரங்கப் பலகைகள் பலவற்றில், நடுவே ஆறு என்று விடப்பட்ட இடத்தில், ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பவனே பெரிய மனிதன் என்ற வாசகத்தை எழுதியிருப்பார்கள். ஜப்பான்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கறுப்பு வெள்ளைக் கல் வைத்து ஆடும் கோ என்ற ஆட்டத்துக்குக் கால் வைத்த கனமான மரப்பலகை செய்வார்கள். அதைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு குழி செதுக்கியிருக்கும். மரம் வெடிக்காமல் இருக்கவும் கல் வைக்கும்போது நல்ல ஓசை வரவும்தான் அந்தக் குழி என்பார்கள். ஆனால் கதை வேறு: நடுவில் மூக்கை நுழைத்துப் பேசியவனின் தலையை வெட்டி வைப்பதற்காம் அது! நம் மன்றச் செயலாளர் அந்த அளவுக்குப் போகமாட்டார் என்று நம்புகிறேன். அவர் சிரிப்பதைப் பார்த்தால் சந்தேகமாகவும் இருக்கிறது.

நாக்கை அடக்கிவிட்டால் மட்டும் போதுமா? முகம் இருக்கிறதே. ஒருவர் யானையை எடுத்து வைத்ததும் பின்னால் ‘ச்சு’ என்று ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான், எதிராளி நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார், இதில் ஏதோ இருக்கிறது என்று. நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கு இதில் இன்னும் பொறுப்பு அதிகம். மன்றத்தின் பெரிய ஆட்டக்காரர் ஒரு மேசைப் பக்கம் வந்து இரண்டு நிமிடம் அசையாமல் நின்றாலே, இந்த இடத்தில் ஒரு அடி இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். பார்த்துவிட்டு ஒரே சீராக நடந்து போய்விடுவதுதான் மரியாதை. சீட்டைக் கையில் மறைத்து ஆடும் ஆட்டங்களில் ஒருவர் கையை மட்டும் பாருங்கள். இரண்டு பேர் கையையும் பார்த்தவர் அந்த ஆட்டம் முடியும்வரை எழுந்து போய் டீ குடிக்கலாம்.

கேரம் பக்கம் வருவோம். போர்டுக்கு மேலே தாழத் தொங்கும் விளக்கு எதற்கு? பலகையில் நிழல் விழக்கூடாது என்பதற்கு. நாம் என்ன செய்கிறோம்? சிவப்புக் காயின் குழிக்குப் பக்கத்தில் வந்ததும் ஆர்வத்தில் தலையை விளக்குக்குக் கீழே கொண்டுபோய்விடுகிறோம். ஆடுபவர் ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறி பார்க்கும்போது, அவர் கண் போகிற கோட்டின் மறுமுனையில், எதிர்க் குழிக்குப் பின்னால் ஒரு சட்டை ஆடிக்கொண்டிருக்கும். அங்கே நிற்பவர் மூச்சைக்கூட மெதுவாக விடவேண்டும். ஸ்டாண்டில் சாயாதீர்கள். குழிக்குள் கைவிட்டுக் காயின் எண்ணாதீர்கள். ரெட்டுக்குக் கவர், அதாவது சிவப்பை அடுத்துப் போடவேண்டிய சொந்தக் காயின், விழுந்ததா, ஃபவுலா என்ற வழக்கை அவர்களே தீர்த்துக்கொள்வார்கள். கேட்டால் மட்டும் சாட்சி சொல்லுங்கள்.

செஸ்ஸில் இதற்குச் சட்டமே உண்டு. பார்வையாளர்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசவோ தலையிடவோ கூடாது. முறைகேடு ஏதாவது கண்ணில் பட்டால் நடுவரிடம் மட்டும் சொல்லலாம். தன் ஆட்டத்தை முடித்தவரும் அந்த நிமிடத்திலிருந்து பார்வையாளர்தான். இது நம்மில் பலருக்குத் தெரியாது. முடித்த களிப்பில் பக்கத்து மேசைக்குப் போய் நிபுணராகிவிடுகிறோம்.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் பெரிய பெரிய சண்டைகள் இருக்கின்றன. 1972-இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் அமெரிக்காவின் பாபி ஃபிஷர், காமிராவும் அரங்கத்துச் சத்தமும் தொல்லை என்று அடம்பிடித்து, மூன்றாவது ஆட்டத்தைப் பார்வையாளர் இல்லாத ஒரு பின்னறையில் ஆடினார். 2024-இல் சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரெனும் உலகச் சாம்பியன் பட்டத்துக்கு ஆடியது சத்தம் நுழையாத கண்ணாடி அறையில். நம்மிடம் கண்ணாடி அறைக்குப் பணம் இல்லை. ஆனால் அதே ரெய்க்யவிக்கில் இன்னொன்றும் நடந்தது. ஆறாவது ஆட்டத்தில் ஃபிஷர் ஜெயித்ததும் அரங்கம் எழுப்பிய கைதட்டலில், எதிரே ஆடித் தோற்ற சோவியத் சாம்பியன் ஸ்பாஸ்கியும் சேர்ந்து தட்டினார். கைதட்டல் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, முடிந்த பிறகு தட்டுங்கள் என்பதுதான். எனக்கு அந்தப் போட்டி முழுவதிலும் பிடித்தது அந்த ஒரு நிமிடம்தான்.

அப்புறம், பெற்றோர்களுக்கு. கோபித்துக்கொள்ளக் கூடாது. குழந்தைகள் செஸ் போட்டி தொடங்கியதும் பெற்றோரை ஏன் வெளியே அனுப்புகிறார்கள்? நீங்கள் ஏமாற்றுவீர்கள் என்றில்லை. எட்டு வயதுப் பிள்ளை ஒவ்வொரு நகர்த்தலுக்கும் தலையைத் தூக்கி அம்மா முகத்தைப் பார்க்கும். அம்மா முகம் சுருங்கினால் எடுத்த காயைத் திருப்பி வைக்கப் பார்க்கும். தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது விதி, உடனே அழுகை. கதவுக்கு வெளியே நிற்கும்போதும் ஒரு நாகரிகம் இருக்கிறது. பிள்ளை வெளியே வந்ததும் ‘ஜெயிச்சியா?’ என்ற கேள்வியை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும்வரை தள்ளிப்போடலாம். அது முகத்திலேயே எழுதியிருக்கும், கேட்கத் தேவையே இல்லை. எங்கே தப்பு பண்ணினாய் என்று வாசலிலேயே விசாரணை வைக்காதீர்கள். அடுத்த சுற்றுக்கு அந்தப் பிள்ளை அதைத்தான் சுமந்துகொண்டு போகும்.

பெரியவர்களுக்கும் இதேதான். ஆட்டம் முடிந்து இருவரும் காய்களைத் திரும்ப அடுக்கி அலச ஆரம்பித்தால், ஒரு வார்த்தை சொல்லலாமா என்று கேளுங்கள். சொல்லுங்க என்றால் உட்கார்ந்து விடியவிடியப் பேசுங்கள். தோற்றவர் பேசாமல் காய்களைப் பெட்டியில் போட்டால், அவரை விட்டுவிடுங்கள். நீங்கள் கண்டுபிடித்த அந்த அற்புதமான நகர்த்தல் நாளைக்கும் கெட்டுப்போகாது.

செயலாளருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். போர்டுகளைச் சுற்றி ஒரு கை தூரம் விட்டு பெஞ்சு போடுங்கள். உட்கார இடம் இருந்தால் யாரும் தோளில் சாயமாட்டார்கள்.

இரட்டையர் இறுதி ஆட்டத்துக்குப் பவுடர் தூவி ஆயிற்று என்று கைகாட்டுகிறார்கள். மூன்றாம் போர்டுப் பக்கம் நிற்கும் அண்ணன்மார் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றால் ஆரம்பித்துவிடலாம். நன்றி.