குசினியில் செய்து விற்கப் போகிறீர்களா? முதலில் கிணற்றடிக்கு வாருங்கள்

வணக்கம் உறவுகளே. இது யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வீட்டுக் குசினி. மேசையில் பரவிக் கிடப்பது காலையில் மில்லில் திரித்து வந்த கறித்தூள். இன்னும் சூடு போகவில்லை. ஆறும் வரைக்கும் உங்களோடு கதைக்கிறேன்.

நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள்: "அக்கா, நாலு பைக்கற் பயற்றம் பணியாரம் விற்கிறதுக்கும் பதிவு வேண்டுமா?" வேண்டும். இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் கடைகளுக்கு மட்டும் உரியதில்லை. காசுக்கு விற்கிற சாப்பாடு வீட்டில் செய்தாலும் அதற்குள் வரும். உணவு தயாரிக்கும் இடத்தைப் பதிய வேண்டும் என்று 2019இல் தனி ஒழுங்குவிதியும் வந்தது. அதனால் ஸ்டிக்கர் அடிக்க முதல் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை, அதாவது பி.எச்.ஐ.யைச் சந்தியுங்கள். வணிகப் பெயரைப் பதிய பிரதேச செயலகம், வியாபார அனுமதிக்கு பிரதேச சபை. அந்த இரண்டும் அலைச்சல்தான், பயப்பட ஒன்றுமில்லை.

பி.எச்.ஐ. வரும் நாளில் நான் சட்டி பானையெல்லாம் மினுக்கி வைத்திருந்தேன். அவர் நேரே கிணற்றடிக்குப் போனார். மலக்குழி எங்கே, எவ்வளவு தூரம், தண்ணீர் கடைசியாக எப்போது பரிசோதித்தது என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர் நிலம் சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுகிற எதுவும் வெடிப்புகளுக்குள்ளால் கிணற்றுக்கு இறங்கிவிடும். அழுக்குத் தண்ணீரால் பரவுகிற நெருப்புக் காய்ச்சல் (தைபொயிட்) யாழ்ப்பாணத்துக்குப் புதிதில்லையே. தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தோம், கிணற்றுக்குக் குளோரின் போட்டோம், நானும் அம்மாவும் நெருப்புக் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டோம். மோர் மிளகாய், ஊறுகாய் செய்கிறவர்கள் இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது லேபிள். உணவின் பெயர், கிராமில் நிறை, கூடுதலாகச் சேர்த்ததிலிருந்து குறைவானது வரை சேர்மானங்கள், தொகுதி இலக்கம் (batch number), உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, உங்கள் பெயர், முகவரி. விலையையும் போடுங்கள். இதில் காலாவதித் திகதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நான் கடையில் வாங்கிய பைக்கற்றைப் பார்த்து அதே மாதக்கணக்கைப் போட்டேன். அது பெரிய பிழை. கனடாவுக்குப் போகிற ஒருவருக்காக அவசரத்தில் தூளைச் சூட்டோடு பையில் போட்டு ஒட்டிவிட்டேன். உள்ளே வேர்த்து, கட்டி பட்டு, மூலையில் பூஞ்சணம். அந்த அக்கா படம் எடுத்து அனுப்பினார். பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. மிளகாயில் பிடிக்கிற பூஞ்சணம் சில வேளை அப்லாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், கறியில் கொதிக்க வைத்தாலும் அது போகாது. காசைத் திருப்பிக் கொடுத்தேன், அந்தத் தொகுதியில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் எறிந்தேன். எதை எறிய வேண்டும் என்று தெரிந்ததே பையில் தொகுதி இலக்கம் எழுதியிருந்ததால்தான். இப்போது ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பை எடுத்து வைத்து, மாதத்துக்கு ஒருக்கால் திறந்து மணந்து பார்க்கிறேன். அதை வைத்துத்தான் திகதி போடுகிறேன்.

அம்மா தூளுக்குள் புறங்கையை வைத்துப் பார்க்கிறா. "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்கிறா. சரி, இருக்கட்டும். பொதி செய்யும்போது திரும்ப கமெராவைப் போடுகிறேன்.