கழுதைக்கு ஒரு குட்டிச்சுவர்

(நூலக வாசகர் வட்டம் நடத்திய ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத் திரையிடலுக்குப் பிறகு பேசியது. மேடையில் நேரமில்லாமல் விழுங்கிய சில வாக்கியங்களை எழுதும்போது திரும்பச் சேர்த்திருக்கிறேன்.)

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் பேச்சில் பாதியைத் தானே பேசிவிட்டு அமர்ந்திருக்கிற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவிலும் இரண்டு மணி நேரப் படத்தை எழுந்து போகாமல் பார்த்த பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் தந்து கரண்டு பில்லை மட்டும் கேட்டிருக்கிற அரிசி ஆலை அண்ணாச்சி அவர்களே, வேட்டியைத் திரையாகக் கட்டித் தந்த பந்தல் காண்ட்ராக்டர் தம்பி அவர்களே, சுண்டலுக்காக வந்தவர்களே, சுண்டல் தீர்ந்த பிறகும் உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, பின்வரிசையில் செல்போன் வெளிச்சத்தில் முகம் தெரிகிற பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பொன்னாடைக்குப் பதிலாக எனக்குக் குற்றாலத் துண்டு போர்த்தினார்கள். ரொம்ப நல்லது. பொன்னாடை பீரோவில் கிடக்கும், இது நாளைக் காலையிலேயே வேலைக்கு வந்துவிடும்.

மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன். ஒன்று, அந்த ரேடியோக்காரர். இரண்டு, கார். மூன்று, ஊரைவிட்டுப் போனவனும் போகாதவனும். அதற்கு முன்னால் ஒரு பழமொழி. என்னிடம் படித்தவர்களுக்கு இது என்ன பழமொழி என்று இப்போதே தெரிந்திருக்கும், சிரிக்கிறார்கள் பாருங்கள். கழுதை கெட்டா குட்டிச்சுவரு.

நம்மைத் திட்டுவதற்காக நம் அப்பாக்கள் சொன்னது. நான் அதைத் திட்டாக எடுத்துக்கொள்வதில்லை. கழுதையைக் காணோம் என்றால் எங்கே போய்த் தேட வேண்டும் என்று முகவரி எழுதிக் கொடுத்திருக்கிறான் நம்ம பாட்டன்.

இப்போது பார்த்தீர்களே, ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’, 1973இல் வந்த படம். எடுத்தவர் ஜார்ஜ் லூகாஸ். நான்கு வருஷம் கழித்து ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்து உலகத்தையே வளைத்துப் போட்டாரே, அதே ஆள். அதற்கு முன்னால் அவர் எடுத்த இந்தப் படத்தில் ராக்கெட் கிடையாது. 1962இல் ஒரே ஒரு ராத்திரி. கலிபோர்னியாவில் மொடெஸ்டோ என்று ஒரு ஊர், அவர் பிறந்து வளர்ந்த ஊர். சுற்றிலும் தோட்டம், விவசாயம். அப்பா ஸ்டேஷனரிக் கடை வைத்திருந்தார். நோட்டு, பேனா விற்கிற கடைக்காரர் மகன் கார் ஓட்டப் பைத்தியமாகத் திரிந்திருக்கிறான். அந்த 1962லேயே, பள்ளிக்கூடம் முடிகிற நேரத்தில், வண்டி மோதி நொறுங்கிவிட்டது. சீட் பெல்ட் அறுந்து வெளியே தூக்கி எறியப்பட்டதால் உயிர் பிழைத்தார். அந்தப் பையன்தான் பதினோரு வருஷம் கழித்து அதே வருஷத்தைத் திரும்ப எடுத்து வைக்கிறான். எட்டு லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுத்து, பத்துக் கோடி டாலருக்கு மேல் வசூல். ஐந்து பிரிவில் ஆஸ்கர் பரிந்துரை போனது, ஒன்றுகூட கிடைக்கவில்லை. போகட்டும்.

படத்தின் பேரைக் கவனித்தீர்களா? கிராஃபிட்டி என்றால் சுவரில் கிறுக்குவது. சுவர்! நான் சொல்லவில்லை, அவரே சொல்கிறார்.

முதல் விஷயம், ரேடியோ. படம் முழுக்க ஒரு குரல் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஓநாய் மாதிரி ஊளையிட்டுக்கொண்டு. உல்ஃப்மேன் ஜாக். நிஜமான ரேடியோக்காரரே நடித்திருக்கிறார். எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவில் இருந்த நிலையங்கள் வழியாக அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டவர். நாடு வேறு, காற்று ஒன்று. நமக்கு இதைப் புரியவைக்க வேண்டியதே இல்லை. ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் இருந்து, சிலோன் ரேடியோவில் கே.எஸ். ராஜா குரல் கேட்கும், அப்துல் ஹமீது குரல் கேட்கும். டீக்கடைக்காரர் திருச்சி நிலையத்தைத் திருப்பினால் அவரோடு சண்டைக்குப் போவோம். படத்தில் ஒருத்தன் நிலையத்துக்கே போய்விடுகிறான், பார்த்தீர்கள். உள்ளே ஒரு ஆள், ஃப்ரிட்ஜ் ரிப்பேராகி உருகிக்கொண்டிருக்கிற குச்சி ஐஸைச் சாப்பிட்டுக்கொண்டு, ‘நான் அவரில்லை’ என்கிறார். பையன் திரும்பும்போதுதான் தெரிகிறது, அவர்தான் இவர். நாங்கள் கொழும்புக்குப் போயிருந்தாலும் அப்படித்தான் ஏதாவது ஒரு அறையில் ஒருவர் இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, கார். அந்தப் பிள்ளைகள் எங்கேயும் போகவில்லை. ராத்திரி முழுக்க ஒரே தெருவைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், நடுநடுவே ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நிற்கிறார்கள். அவ்வளவுதான் கதை. கார் இருந்தாலும் கழுதை கழுதைதான், கெட்டா குட்டிச்சுவரு. அவர்கள் குட்டிச்சுவர் கொஞ்சம் ஓடும், அவ்வளவு வித்தியாசம். அதில் கண்ணாடி போட்ட ஒரு பையன் நண்பனுடைய காரை இரவல் வாங்கிக்கொண்டு போய்த் தொலைக்கிறானே, அந்த இடத்தில் நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். காரணத்தைச் சொல்கிறேன். அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

1983. பிளஸ் டூ எழுதி முடித்த சித்திரை மாதம். நாங்கள் நான்கு பேர். நெட்டையன், குண்டன், சோடாபுட்டி, நான். நெட்டையனுக்குப் பட்டாளத்தில் ஆள் எடுத்தாகிவிட்டது, அடுத்த வாரம் ரயில். சோடாபுட்டிக்குத் தாய்மாமன் ஒருவர், சைக்கிள் கடை. ஸ்டெப் கட்டிங் வைத்திருப்பார், காதை மூடி முடி தொங்கும். ஊரில் முதல் டி.வி.எஸ். 50 அவருடையது. மதுரைக்கு வருகிற அழகரை ஊரே எதிர்கொண்டு அழைக்கிற எதிர்சேவை பார்க்க அதை இரவல் கேட்டோம். மாமா மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் சாவியைக் கையில் கொடுத்து, ‘மாப்ள, வண்டிக்கு ஏதாவது ஆச்சு, அழகரோட நீயும் மலைக்குப் போயிரு’ என்றார்.

இரண்டு பேர் வண்டியில், இரண்டு பேர் பஸ்ஸில். செக்கானூரணி வரைக்கும் பஸ்ஸை ஒட்டியே வந்தார்கள், கையாட்டிக்கொண்டு. தல்லாகுளத்தில் சந்தித்து, தமுக்கம் பக்கம் ஒரு ஓரமாக வண்டியை நிறுத்தினோம். உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, அந்த ராத்திரி மதுரை எப்படி இருக்கும்! சர்க்கரைச் செம்பில் சூடம் ஏற்றிக்கொண்டு பெண்கள், தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், பத்தடிக்கு ஒரு பானகப் பந்தல். நாங்கள் பானகம் குடித்தோம், மோர் குடித்தோம், காசு கொடுத்துப் பருத்திப்பாலும் குடித்தோம். நடுச்சாமத்துக்கு மேல் திரும்பிப் பார்த்தால் வண்டியைக் காணோம்.

சோடாபுட்டி அழவில்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு வேண்டிக்கொண்டான், வண்டி கிடைத்தால் மொட்டை போடுவதாக. யாருக்கு? மாமாவுக்கு! மாமாவைக் கேட்காமலே!

விடிய விடியத் தேடினோம். கோரிப்பாளையம் வரைக்கும் ஒரு நடை, திரும்ப ஒரு நடை. எந்த டி.வி.எஸ். 50ஐப் பார்த்தாலும் குண்டன் போய் அதன் ஹாரனை அமுக்கிப் பார்ப்பான், சத்தத்தை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பானாம். இரண்டு பேரிடம் அடியும் வாங்கினான். அழகர் தங்கக்குதிரையில் வைகையில் இறங்கினார், லட்சம் பேர் ‘கோவிந்தா’ என்றார்கள், நான் பார்க்கவில்லை. நான் அந்த நேரத்தில் ஒரு பந்தலுக்குப் பின்னால் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். அங்கேதான் இருந்தது வண்டி. வழியை மறைக்கிறது என்று பந்தல்காரர்கள் நாலு பேர் குண்டுக்கட்டாகத் தூக்கி உள்ளே வைத்திருக்கிறார்கள். அதன் மேல் ஒரு அப்பத்தா உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தது. ‘ஒங்க வண்டியாய்யா? குத்துக்கல்லாட்டம் கெடந்துச்சு, காலு கடுக்குதேன்னு ஒக்காந்தேன். ஏய்யா, சாமி பாத்தீகளா?’ என்றது. நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை.

பெட்ரோல் தீர்ந்து, பாதி வழி தள்ளிக்கொண்டு, மத்தியானம் ஊருக்கு வந்தோம். மாமா கடைக்குப் போகப் பயந்து, நேராக நம்ம இடத்துக்குப் போனோம். ஊருணிக்கரையில் பழைய சத்திரம் இடிந்து இடுப்புயரச் சுவர் ஒன்று நிற்கும், மூத்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் தினமும் உட்காருகிற சுவர். அதில் மாமா உட்கார்ந்திருந்தார். அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. எங்கள் நாலு தலையை எண்ணினார். ‘கழுதை கெட்டா குட்டிச்சுவரு. வேற எங்கிட்டுப் போவீக? காலையிலருந்து இங்கதேன் ஒக்காந்திருக்கேன்’ என்றார். இந்தப் பழமொழியை நான் பிடித்துக்கொண்டது அன்றைக்குத்தான். ஆறு மாதம் கழித்து அழகர்கோயிலில் மாமா மொட்டையும் போட்டார். வேண்டுதலை யார் வேண்டினாலும் கடன் கடன்தான் என்றார்.

(துண்டுச்சீட்டு வந்துவிட்டது. ‘ஐயா, பத்து நிமிடம்.’ சரி.)

படம் முடியும்போது நான்கு பையன்களுக்கும் என்ன ஆயிற்று என்று எழுத்துப் போடுகிறான். ஒருவன் 1964இல், குடித்துவிட்டு ஓட்டியவன் மோதிச் செத்தான். ஒருவன் 1965இல் வியட்நாமில் காணாமல் போனான். ஒருவன் அதே ஊரில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஒருவன் கனடாவில் எழுத்தாளன். இங்கே கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, நானும் கவனித்தேன். நானும் எங்கள் நால்வருக்கு எழுதிப் பார்த்தேன். நெட்டையன் சுபேதாராக ஓய்வு பெற்று, இதோ மூன்றாவது வரிசையில் தூங்குகிறான். குண்டன் திருப்பூரில் பனியன் கம்பெனி. நான் வாத்தியார். சோடாபுட்டி 1996இல் போய்விட்டான்.

ஆனால் அந்தப் படத்தில் இருந்த பெண் பிள்ளைகள்? மூன்று பேர் ராத்திரி முழுக்கக் கூடவே வருகிறார்கள். அவர்களுக்கு எழுத்து இல்லை. அந்தக் காலத்திலேயே அங்கே விமர்சகர்கள் கேட்டிருக்கிறார்கள். நான் லூகாஸைக் குறை சொல்லக் கிளம்பவில்லை, நானும்தான் நாலு பேர் என்று சொன்னேன். சுவருக்கு எதிர் வீடு எங்கள் வீடு. ஜன்னலுக்குள் என் அக்கா உட்கார்ந்து, அதே சிலோன் பாட்டை நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எங்களைவிட அதிகமாக எழுதியிருந்தாள். போன பொங்கலுக்குத்தான் அந்த நோட்டைக் காட்டினாள். ‘நீங்க நாலு பேரும் பாட்டைத் தப்புத் தப்பாப் பாடுவீங்கடா. சொல்லித்தரணும்னு இருக்கும். எங்கிட்டு வர்றது?’ என்றாள். பதினைந்து தப்படி தூரம். அவளால் வர முடியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தலைவர் அம்மா புரிந்துகொண்டு தண்ணீர் குடிக்கிறார்கள். ஊருணியை அழகுபடுத்தினீர்கள். நன்றி. தூர் வாரினீர்கள், அதற்கு இன்னும் பெரிய நன்றி. சுவரை இடித்து டைல்ஸ் ஒட்டினீர்கள், போகட்டும். அதைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, கேட்டு வைத்து, சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டுகிறீர்களே, அது யாருக்காக? வெயிலில் எவன் உட்காருவான், ஓணான்தான் உட்காரும். ‘பசங்க கூடி உட்கார்ந்து கெட்டுப்போறாங்க’ என்று மனு வந்ததாகச் சொல்கிறார்கள். இப்போது எங்கே உட்காருகிறார்கள்? பைபாஸ் பாலத்துக்கு அடியில். டாஸ்மாக் பின்னால். மெத்தையில் படுத்துக்கொண்டு செல்போனுக்குள். அந்த மாமா இன்றைக்கு வந்தால் எந்த இடத்தில் போய்த் தலையை எண்ணுவார்? பூட்டினால் கழுதை கெடாதா? குட்டிச்சுவரு எங்கே இருக்கு என்பது மட்டும் நமக்குத் தெரியாமல் போகும். மதுரையைத் தூங்கா நகரம் என்கிறோம், இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி நாம் ஆறு மணிக்குப் பூட்டுப் போடுகிறோம்.

கலிபோர்னியாவில் ஒரு செய்தி. அந்தப் படத்தில் வருகிற மாதிரி வண்டியில் சும்மா சுற்றுவதைப் பல ஊர்களில் தடை செய்து வைத்திருந்தார்கள். அப்படி உள்ளூரில் தடை போடக் கூடாது என்று மாநிலமே சட்டம் போட்டு, 2024 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. காருக்கே திறந்துவிட்டார்கள் அம்மா, நாங்கள் கேட்பது ஊருணிப் படிக்கட்டு.

கோரிக்கை சின்னதுதான். ராத்திரி பத்து மணி வரைக்கும் கேட்டைத் திறந்து வையுங்கள். நாலு மூலைக்கும் விளக்கு. எங்கள் தெருப் பக்கம் இன்னொரு வாசல், அங்கே இரண்டு சிமெண்டுப் பெஞ்சு, பெண் பிள்ளைகள் வந்து உட்கார. பெஞ்சுக்கு ஆகும் செலவை நெட்டையன் தருவதாகச் சொல்லியிருக்கிறான். தூங்குகிறான் என்பதால் மறுக்க மாட்டான்.

மூன்றாவது விஷயம், போனவனும் போகாதவனும். அவைத்தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். போயே தீருவேன் என்றவன் தங்கிவிடுகிறான், போகட்டுமா வேண்டாமா என்று முழித்தவன் விமானம் ஏறிவிடுகிறான். அதை இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன். ஊருணிக்கரையிலேயே வைத்துக்கொள்ளலாம், திறந்திருந்தால்.

கையெழுத்து நோட்டு, சுண்டல் கொடுத்த மேசையில் இருக்கிறது. இருநூறு கையெழுத்து ஆனதும் தலைவர் அம்மாவிடம் நேரில் கொடுப்போம். பேனாவை நூலில் கட்டிவைத்திருக்கிறோம், அறுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.