நூறாவது ஆளுக்குச் சோறு உண்டா?

எல்லாருக்கும் வணக்கம். பத்து நிமிடம்தான் தருவோம் என்று ரேடியோ நிலைய வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று யாரோ போட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக் கொடுக்கிற மைதானத்துக்கு ஓர் அப்பா வந்தார். கூடவே பத்து வயதில் ஒரு பையன், அவனைவிடப் பெரிய கிரிக்கெட் பையைத் தரதரவென்று மண்ணில் இழுத்துக்கொண்டு வந்தான். “சார், ஒரு வருஷமா கிரிக்கெட்ல போட்டிருக்கேன். இது சரிவருமா, இல்ல வேற எதுலயாவது மாத்திரலாமா? எந்த கேம்ல போட்டா லைஃப்ல செட்டில் ஆகலாம்?” என்று கேட்டார். பேங்க்கில் போய் எந்தத் திட்டத்தில் போட்டால் வட்டி அதிகம் என்று கேட்பார்களே, அதே தோரணை. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் கேட்டதில் தப்பே இல்லை. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, பெட்ரோல் போட்டு, பையனை ஏற்றி இறக்குகிறவர் கேட்காமல் வேறு யார் கேட்பது?

இந்தக் கேள்விக்கு நான் முப்பது வருஷமாக ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். எந்த விளையாட்டானாலும் முதல் ஆள் எவ்வளவு சம்பாதிக்கிறான் என்று பார்க்காதீர்கள். நூறாவது ஆள் ராத்திரி என்ன சாப்பிடுகிறான் என்று பாருங்கள். டி.வி.யில் தெரிகிறவன் முதல் ஆள். நம் வீட்டுப் பிள்ளை, ரொம்ப நன்றாக ஆடினால்கூட, நூறாவது ஆளாக வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.பி.எல்.லில் 10 அணி, ஓர் அணிக்கு அதிகபட்சம் 25 பேர், அதில் வெளிநாட்டுக்காரர்கள் 8 பேர் வரை. மிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் இந்தியா முழுமைக்கும் சுமார் 170 இடம். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து போட்டுக்கொண்டிருந்த நடராஜனை 2017 ஏலத்தில் 3 கோடிக்கு எடுத்தார்கள், உண்மைதான், அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் பையைத் தூக்குகிறார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கிரிக்கெட்டை நான் குறை சொல்லவில்லை. மாநில அணிகள் மோதுகிற ரஞ்சிக் கோப்பையில் ஆடுகிற பையனுக்கு 2021இல் உயர்த்திய கணக்குப்படி, புதுசாக வந்தவன் என்றாலே ஒரு நாளைக்கு 40,000 ரூபாய், 40 ஆட்டத்துக்கு மேல் ஆடியவன் என்றால் 60,000. நூறாவது ஆளுக்குச் சோறு போடுகிற ஆட்டம்தான் அது, சந்தேகமே இல்லை. அந்த நூறுக்குள் போவதற்கு லட்சக்கணக்கில் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், அதுதான் சிக்கல்.

டென்னிஸ் இதற்கு நேர்மாறு. சுமித் நாகல் என்று ஒரு வீரர். 2023இல் அவர்தான் இந்தியாவில் முதலிடம், உலகத்தில் 160ஐ ஒட்டி ஓர் இடம். அவரே வெளிப்படையாகச் சொன்னார், என் பேங்க் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று. பயிற்சியாளருக்கு, பிளேனுக்கு, ஹோட்டலுக்கு என்று சம்பாதித்ததெல்லாம் ஓடிவிடுகிறது. அடுத்த ஜனவரியிலேயே ஆஸ்திரேலிய ஓப்பனில், தன்னைவிட ரொம்ப மேலே இருந்த கஜகஸ்தான் வீரர் பப்லிக்கை முதல் சுற்றில் அடித்தார், ஒரே ஆட்டத்தில் நிலைமை மாறியது, ஒரு கோடிக்குக் கொஞ்சம் குறைவாகப் பணம் வந்தது. நல்லது. ஆனால் யோசித்துப் பாருங்கள், நம் ஊரில் ஒரு தொழிலில் உலகத்திலேயே 160ஆவது ஆள் என்றால் அவர் வீட்டு வாசலில் நாலு கார் நிற்காதா?

இப்போது என் கதைக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தேரிக்காட்டுப் பக்கம் ஒரு கிராமம். செக்கச் செவேல் என்று மண். அதில் குதித்தால் முட்டிக்கு நல்லது, வேட்டிக்குக் கெடுதல். எண்பதுகளில் கோயில் கொடைக்குக் கொடை மின்னொளி வாலிபால் நடக்கும், ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் பைனல் முடிய விடிந்துவிடும். முதல் பரிசு 501 ரூபாயும் ஒரு கிடாவும். நான் செட்டர், அதாவது பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன். அடிக்கிறவன் என் கூட்டாளி. பெயர் வேண்டாம், இன்றைக்கும் ரேடியோ கேட்கிற ஆள். அவன் எழும்பினால் வலைக்கு மேலே இடுப்பு தெரிகிறது என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் அடித்த பந்து எதிரணிக்காரன் கையைத் தொட்டால் அவன் அடுத்த இரண்டு பந்துக்குக் கையை உதறிக்கொண்டே நிற்பான், அதை நானே பார்த்திருக்கிறேன்.

அவனைப் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் கெஸ்டாகக் கூப்பிடுவார்கள். ஒரு ராத்திரிக்கு 50 ரூபாய், முடிந்ததும் புரோட்டா சால்னா. 50 ரூபாய் அன்றைக்குப் பெரிய காசு. 1985இல் திருச்சியில் மாநில அணிக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் கடிதம் வந்தது. அதே நாளில் ஒரு கொடைப் போட்டி, அங்கே 75 தருகிறோம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். “எலே, அங்க போய் வேகாத வெயில்ல நின்னா எவன் காசு தருவான்? நீ போயிட்டு வா மக்கா, அடுத்த வருஷம் நான் வாரேன்” என்றான். நான் போனேன். என்னைவிட நல்ல செட்டர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள், அதில் ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் ரயிலை விட்டுவிட்டார், எப்படியோ 12 பேரில் கடைசி ஆளாக நுழைந்துவிட்டேன். தேசியப் போட்டியில் மொத்தமாக நான் ஆடியது ஒரு செட்கூட முழுதாக இருக்காது. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தேன்.

ஆனால் கையில் ஃபார்ம் 2 வந்தது. இந்த ஃபார்ம் விஷயம் விளையாட்டுக்காரர்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், எந்த அளவில் ஆடினாய் என்பதற்கான சான்றிதழ் அது. நாட்டுக்காக ஆடினால் ஃபார்ம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடினால் ஃபார்ம் 2, பல்கலைக்கழக அணிக்கு 3, பள்ளி அணிக்கு 4. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கேட்கப் போனால், நீ எத்தனை பந்து அடித்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை, எந்த ஃபார்ம் என்றுதான் கேட்பார்கள். அந்த ஒரு தாள் எனக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை வாங்கிக் கொடுத்தது. ஆபீஸ் டீமுக்குப் பதினாலு வருஷம் ஆடினேன், முட்டி போனதும் பைல் பார்த்தேன், 60 வயதில் ரிட்டயர் ஆனேன். கூட்டாளி ஐந்தாறு வருஷம் ராஜா மாதிரி இருந்தான். அப்புறம் தோள்பட்டை இறங்கியது, கூப்பிட ஆள் இல்லை. இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். எங்கள் இரண்டு பேரில் ஆட்டக்காரன் யார் என்று கேட்டால், இந்த மைக்குக்கு முன்னால் சொல்கிறேன், அவன்தான்.

இதனால்தான் நூறாவது ஆள், நூறாவது ஆள் என்று அடித்துக்கொள்கிறேன். வாலிபாலில் நானே அந்த நூறாவது ஆள். எனக்குச் சோறு போட்டது ஆட்டம்கூட இல்லை, ஆட்டத்துக்குப் பின்னால் இருந்த வேலை. தோனியே கரக்பூரில் ரயில்வே டிக்கெட் பரிசோதகராக இருந்துகொண்டுதான் ஆடினார். அதனால் ஒரு விளையாட்டைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது, இதற்கு எந்த ஆபீஸில் டீம் இருக்கிறது? ரயில்வேயில் உண்டா, போலீஸில் உண்டா, பேங்க்கில் உண்டா? ஸ்போர்ட்ஸ் கோட்டா பட்டியலில் அந்த விளையாட்டின் பெயர் இருக்கிறதா? 2020இல் மத்திய அரசு அந்தப் பட்டியலை 43இலிருந்து 63 ஆக்கியது, கயிறு இழுத்தல்கூட உள்ளே வந்துவிட்டது. நம் பூப்பந்து, இறகுப் பந்து இல்லை, பால் பேட்மிண்டன், இருக்கிறதே, எந்த டி.வி.யிலும் வராது, ஆனால் பூப்பந்து ஆடியே ரயில்வேயில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்! தமிழ்நாடு அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

கபடியை விட்டால் எங்கள் ஊர்ப் பக்கம் என்னை உதைப்பார்கள். புரோ கபடி 2014இல் தொடங்கியபோது முதல் ஏலத்தில் அதிக விலை ராகேஷ் குமாருக்கு, 12 லட்சத்து 80 ஆயிரம். 2023இல் பவன் ஷெராவத்தை 2 கோடியே 60 லட்சத்துக்கு எடுத்தார்கள். ஒன்பது வருஷத்தில் இருபது மடங்கு, தேரியில் மனை விலைகூட அப்படி ஏறவில்லை. ஆனால் கபடியில் ஒரு பையன் 19 வயதில் உள்ளே போனால் 30ஐத் தாண்டி ரைடு பாடுவது கஷ்டம், கணுக்கால் போகும், முட்டி போகும். அதற்கப்புறம் முப்பது வருஷம் இருக்கிறது. அந்த முப்பது வருஷத்துக்கு யார் சம்பளம் தருவது? மறுபடியும் ஆபீஸ்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமா, இரண்டு வரியா தெரியவில்லை.

சரி, செஸ். குகேஷ் 18 வயதில் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார், முட்டி போகாத ஆட்டம், ஐம்பது வயதைத் தாண்டியும் ஆனந்த் ஆடுகிறார். ஆனால் குகேஷோடு ஊர் ஊராகப் போக அவர் அப்பா தன் டாக்டர் தொழிலையே ஒதுக்கி வைத்தார், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். பெண் பிள்ளைகளின் விளையாட்டு பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தேன், அப்படியே பையில் கிடக்கிறது, இன்னொரு நாள் கூப்பிடுங்கள். அம்பயர், பயிற்சியாளர் வேலை பற்றியும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஃபார்மில் கையெழுத்து அந்த வருஷமே வாங்கிவிடுங்கள். சங்கத்தில் செயலாளர் மாறிவிட்டால் பழைய போட்டிக்குக் கையெழுத்து வாங்க நாலு வருஷம் அலைய வேண்டும், அலைந்திருக்கிறேன்.

அந்த அப்பாவுக்கு இதையெல்லாம் அரை மணி நேரம் சொன்னேன், அவரும் தலையாட்டிக் கேட்டார். கடைசியில்தான் பையனிடம் கேட்கவே இல்லையே என்று தோன்றி, “தம்பி, உனக்கு எது பிடிக்கும்?” என்றேன். பையை விட்டுவிட்டு, “கோல்கீப்பர்” என்றான். ஃபுட்பால் பற்றி நான் எதுவுமே தயார் செய்து வரவில்லை. வணக்கம்.