கொள்ளாம் என்றால் கொள்வார்களா, மாட்டார்களா?

(செங்கோட்டையில் ஒரு கோயில் திருவிழா மேடை. தலைப்பு: அன்றாடப் பேச்சில் 'ஓகே' நமக்குத் தேவையா, தேவையில்லையா? 'தேவையே' அணியின் கடைசிப் பேச்சு.)

நடுவர் ஐயாவுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், சாரலில் நனைந்துகொண்டே உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். வணக்கம் சொன்ன நேரத்தை என் கணக்கில் கழிக்க வேண்டாம் என்று நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

எதிரணி அண்ணாச்சி என்ன சொல்லிவிட்டு உட்கார்ந்தார்? "எழுத்துக்கூட்டத் தெரியாத ஓர் அமெரிக்க ஜனாதிபதி செய்த பிழைதான் ஓகே. அந்தப் பிழையைத் தலையில் சுமந்துகொண்டு வந்திருக்கும் அணியும் எழுத்துக்கூட்டத் தெரியாத அணி." நீங்களும் கை தட்டினீர்கள். முன்வரிசையில் ஒருவர் விசிலே அடித்தார். அவர் எங்கள் தெருக்காரர். விடிந்ததும் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணாச்சி, நீங்கள் சொன்ன ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன். 'ஆல் கரெக்ட்' என்பதற்கு எழுத்துத் தெரியாமல் ஓ, கே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் என்ற கதை எப்போது கிளம்பியது தெரியுமா? 1840 ஜனாதிபதித் தேர்தலில். கட்டிவிட்டவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள். அப்போது ஜாக்சன் பதவியிலும் இல்லை, போட்டியிலும் இல்லை. அவருடைய சீடர் மார்ட்டின் வான் பியூரன்தான் வேட்பாளர். சீடரை அடிக்கக் குருவைத் திட்டினார்கள். தேர்தல் மேடையில் சொன்னதை மறுநாள் காலையிலேயே நாம் நம்புவதில்லை. அண்ணாச்சி 1840இல் சொன்னதை இன்று வரைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார். இப்படி ஒரு வாக்காளர் கிடைத்தால் எந்தக் கட்சிதான் விடும்?

நடந்ததைச் சொல்கிறேன். 1839 மார்ச் 23. பாஸ்டன் மார்னிங் போஸ்ட் என்ற பத்திரிகையில் ஒரு கிண்டல் துணுக்கு. அந்தக் காலத்தில் அந்த ஊர்ப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு: சொல்லை வேண்டுமென்றே தப்பாக எழுதுவது, பிறகு அந்தத் தப்பின் முதலெழுத்துகளை மட்டும் போடுவது. 'ஆல் ரைட்' என்பதை, ரைட்டுக்கு முன்னால் ஒரு டபிள்யூவையும் ஒட்டி 'ஓல் ரைட்' ஆக்கி, ஓ, டபிள்யூ என்று போட்டார்கள். 'ஆல் கரெக்ட்' என்பதை, சி இருக்க வேண்டிய இடத்தில் கே போட்டு 'ஓல் கொரெக்ட்' ஆக்கி, ஓ, கே என்று போட்டார்கள். எழுத்துத் தெரிந்தவன்தான் அண்ணாச்சி எழுத்தோடு விளையாட முடியும். தெரியாதவன் விளையாடினால் அதற்குப் பெயர் பரீட்சை.

அடுத்த ஆண்டு அந்தத் தேர்தல். வான் பியூரன் பிறந்த ஊர் நியூயார்க் மாநிலத்தில் கிண்டர்ஹூக். தொண்டர்கள் அவரை 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்றார்கள். அதற்கும் அதே ஓ, அதே கே! நியூயார்க்கில் ஓகே கிளப் தொடங்கினார்கள், கூட்டம் போட்டார்கள், கோஷம் போட்டார்கள். வேட்பாளர் தோற்றுப்போனார். அவரை வென்ற வில்லியம் ஹென்றி ஹாரிசன் பதவியேற்ற ஒரே மாதத்தில் காலமானார். தோற்றவரும் போனார், ஜெயித்தவரும் போனார். கோஷம் மட்டும் கேரள எல்லையில் இருக்கும் நம் புலியறைச் சோதனைச்சாவடி வரைக்கும் வந்துவிட்டது.

இதையெல்லாம் நான் கனவு கண்டு சொல்லவில்லை. ஆலன் வாக்கர் ரீட் என்ற கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பழைய பத்திரிகைகளைப் புரட்டிப் புரட்டி, 1963, 64இல் கட்டுரைகளாக எழுதி நிறுவினார். அதற்கு முன்னால் ஆளுக்கொரு கதை. கிரேக்கச் சொல் என்றார் ஒருவர். ஸ்காட்லாந்துச் சொல் என்றார் இன்னொருவர். அமெரிக்கப் பூர்வகுடிகளான சோக்டா மக்களின் சொல் என்று நம்பிய ஜனாதிபதி உட்ரோ வில்சன், எழுத்தையே மாற்றி 'ஓகே' என்பதை 'ஓகெஹ்' என்று எழுதினார். ஜனாதிபதியே தடுமாறிய இடத்தில் நம் அண்ணாச்சி தடுமாறியதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

அந்நியச் சொல் என்றும் வருத்தப்பட்டார். அண்ணாச்சி இந்தப் பேச்சை எழுதியது மேசையில். மேசை போர்ச்சுகீசியம். எழுதும்போது காற்றுக்குத் திறந்து வைத்தது ஜன்னல். அதுவும் போர்ச்சுகீசியம். வீட்டைப் பூட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருக்கிறாரே சாவி, அதுவும்தான். நாம் கட்டுமரத்தைக் கொடுத்தோம், ஆங்கிலேயன் அதை 'கேட்டமரான்' என்று வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறான். கொடுக்கல் வாங்கல் இருக்கிற வீட்டில்தான் அடுப்பு எரியும்.

இப்போது எங்கள் குடும்பக் கதை ஒன்று. நடுவர் மணியைத் தொடுகிறார். ஐயா, இது கதை இல்லை, ஆதாரம்.

எங்கள் அண்ணனுக்குப் புனலூரில் பெண் பார்க்கப் போனோம். பெண் வீட்டார் மூன்று தலைமுறையாக அங்கே இருப்பவர்கள். வீட்டில் தமிழ், வாசலில் மலையாளம். எங்கள் தரப்பில் தலைமை ஏற்று வந்தவர் பெரியப்பா. அவர் மதுரைப் பக்கம் தமிழாசிரியர். நன்னூல் மனப்பாடம். அவர் இலக்கணம் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேச எங்கள் வம்சத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

பழம்பொரி வந்தது, வாழைப்பழ பஜ்ஜிதான். தேநீர் வந்தது. பெண்ணின் தாய்மாமா அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "செக்கன் கொள்ளாம்" என்றார்.

செங்கோட்டைக்காரர்களுக்கு விளங்கிவிட்டது, சிரிக்கிறீர்கள். மலையாளத்தில் 'கொள்ளாம்' என்றால் நன்றாக இருக்கிறது. பையன் நல்ல பையன் என்று அந்த மனிதர் மனதாரச் சொல்லியிருக்கிறார். எங்கள் பெரியப்பா பாதிப் பழம்பொரியைத் தட்டில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "கிளம்புங்கள்" என்றார்.

"ஏன் பெரியப்பா?"

"கொள்ளாம் என்கிறார். கொள்ளமாட்டோம் என்று பொருள். எதிர்மறை வினைமுற்று. அதிலும் 'ஆம்' விகுதி, உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. எதிரில் இருக்கிறவனையும் சேர்த்துக்கொள்ளும் விகுதி. அவர்களும் கொள்ளமாட்டார்களாம், நாமும் கொள்ளமாட்டோமாம். நம் சார்பிலும் அவரே மறுத்துவிட்டார்!"

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பாராட்டு போதவில்லை, அதுதான் கோபம் என்று நினைத்துவிட்டார். எழுந்து நின்று சத்தமாகச் சொன்னார்: "வளரெ கொள்ளாம்!" மிகவும் நன்றாக இருக்கிறார் என்று பொருள். பெரியப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீர்களா? வளர்ந்த பிறகும் கொள்ளமாட்டார்களாம். பையனுக்கு முப்பது வயது, இனி எங்கே வளர்வது?"

அவர் புகழப் புகழ, இவர் வாசலை நோக்கி நடக்கிறார். இவர் நடக்க நடக்க, அவர் குரலை உயர்த்திப் புகழ்கிறார். பெரியப்பா ஒரு கால் செருப்பை மாட்டிவிட்டார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல்: "எனக்கு ஓகே."

செருப்பு நின்றது. அந்தச் சொல்லுக்கு நன்னூலில் சூத்திரம் இல்லை. பகுதி இல்லை, விகுதி இல்லை, எதிர்மறை ஆக்க வழியே இல்லை. பெரியப்பா திரும்பி வந்தார். உட்கார்ந்தார். மீதிப் பழம்பொரியை எடுத்தார்.

இந்தக் கதை எங்கள் வீட்டில் மூன்று விதமாக உலவுகிறது. பெரியப்பாவைக் கேட்டால், "பெண்ணுக்குத் துணிவு இருக்கிறதா என்று சோதித்தேன்" என்பார். புனலூர் மாமாவைக் கேட்டால், பழம்பொரியில் உப்பு கூடிவிட்டதால் அவர் எழுந்தார் என்று இன்றைக்கும் நம்புகிறார். அண்ணியைக் கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். அண்ணன் சத்தம் போடும்போது மட்டும், "அன்றைக்கு நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்" என்பார். அண்ணன் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

இதுதான் எங்கள் அணியின் வாதம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. இரண்டு மொழியும் ஒரே வீட்டில் வளர்ந்த அக்கா, தங்கை. ஆகவேதான் வம்பு. ஒரே சொல்லை இருவரும் வைத்திருப்பார்கள், பொருளை ஆளுக்கொரு பக்கம் கொண்டுபோயிருப்பார்கள். ஓகேக்கு இங்கே சொந்தம் இல்லை, பந்தம் இல்லை. எனவே பகையும் இல்லை.

ஓகேயிலும் குழப்பம் உண்டு என்று அந்த அணியின் அம்மா சொன்னார். உண்டு, மறுக்கவில்லை. சம்மதம் என்றும் பொருள், சுமார் என்றும் பொருள். மனைவி சாம்பார் எப்படி என்று கேட்கும்போது 'ஓகே' என்று சொல்லிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் பார்டர் பரோட்டா தேடிப் போனவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். கையைத் தூக்கச் சொல்லமாட்டேன்.

'சரி' என்ற சொல் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் நான்குக்கும் பொதுவாக இருக்கும்போது ஓகே எதற்கு என்று அண்ணாச்சி கேட்டார். நல்ல கேள்வி. பதில் இருந்தால் சொல்லமாட்டேனா?

ஆனால் ஒன்று கேட்கிறேன் அண்ணாச்சி. எங்கள் அப்பாவுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை, திருவனந்தபுரத்தில். தென்காசிப் பக்கத்தில் யாருக்கு என்ன என்றாலும் ஆரியங்காவு கணவாயைத் தாண்டித்தானே ஓடுகிறோம்? காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். மாலை வரைக்கும் கதவு திறக்கவில்லை. அம்மா விருதுநகர்ப் பக்கம் பிறந்தவர். இங்கே வாழ்க்கைப்பட்டு மலையாளம் நன்றாகவே புரியும், காய்கறி பேரம் பேசுவார், சண்டை கூடப் போடுவார். பயம் வந்தால் காது பிறந்த ஊருக்கே திரும்பிவிடும் போலிருக்கிறது. நர்ஸ் வெளியே வந்து, "குழப்பமொன்னுமில்லா" என்றார். ஆபத்து எதுவும் இல்லை என்று அந்தப் பெண் சொல்கிறார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்குக் குழப்பம் இல்லை, சரி தாயீ. உயிர் இருக்கிறதா?" என்று கேட்டார்.

மகன் நான் பக்கத்தில் நிற்கிறேன். மேடையில் இவ்வளவு பேசுகிற எனக்கு அங்கே வாய் வரவில்லை. அந்த நர்ஸுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "அம்மே, ஓகே. அச்சன் ஓகே" என்றார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அந்தப் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்று யாரோ அதட்டியதும் காதில் விழுந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

அந்த நேரத்தில் அது பாஸ்டனில் பிறந்ததா, சோக்டா மக்கள் கொடுத்ததா, எழுத்துப் பிழையா என்று நான் விசாரித்திருக்க வேண்டுமா அண்ணாச்சி? சொல்லுங்கள். நீங்களும் ஒரு தாய்க்குப் பிள்ளை.

மணி அடித்துவிட்டது, முடித்துக்கொள்கிறேன். அப்பா இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார், மூன்றாவது வரிசை, மஃப்ளர் கட்டிக்கொண்டு. எதிரணிப் பேச்சுக்கு எழுந்து நின்று கை தட்டியவரும் அவரேதான். நடுவர் ஐயா தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். மைக்காரத் தம்பி உங்கள் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தியபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்டுவிட்டது. நன்றி, வணக்கம்.