மருந்துச் சீட்டில் எழுதப்படாதவை

[காட்சி: வேலூர், ஆற்காடு சாலையின் காலை நெரிசல்]

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியருக்கு உதவி கேட்டு ஒரு மருத்துவரின் வீட்டுக்கு வந்தார்கள். மருத்துவர் ஆண் என்பதால் அவரை அழைத்துச் செல்ல மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர் பின்னர் மருத்துவம் படித்து, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கியதே இன்றைய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை. வைத்தியம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் வழக்கம் குறுக்கே நின்றது என்பதைத்தான் நாம் இங்கே கவனிக்க வேண்டும்.

பிறக்கும் வீடு, செய்யும் வேலை, குடிக்கும் நீர், கையில் உள்ள காசு என உடல்நலத்தைத் தீர்மானிக்கும் இவற்றையே சமூகக் காரணிகள் என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்துக்காக பிரிட்டிஷ் பொதுச் சுகாதார ஆய்வாளர் மைக்கேல் மார்மட் தலைமையிலான ஆணையம் 2008இல் அளித்த அறிக்கையும் இதையே வலியுறுத்தியது.

[காட்சி: வறண்ட பாலாறு]

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் பதனிடும் ஆலைகளிலிருந்து உப்பும், தோலைப் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகமும் கலந்த கழிவுநீர் நிலத்தடி நீரில் இறங்கியது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. கிணறு உப்பாகிவிட்டால் கேடு குடிநீரோடு நிற்பதில்லை: பயிர் போகிறது, கூலி வேலை போகிறது, குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கும் செலவு சேர்கிறது, அந்தச் செலவுக்காகப் பாலும் பருப்பும் குறைகின்றன.

[காட்சி: குடியாத்தத்தில் ஒரு வீட்டுத் திண்ணை]

மடியில் முறம், அதில் புகையிலைத் தூள், பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய பீடி இலை. கத்தரித்து, தூளை நிரப்பிச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடிக்கும் இந்தப் பெண்ணுக்குக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் வருகிறது. தூள் காற்றில் பறக்கும் அதே அறையில் சோறும் வேகிறது, குழந்தையும் தூங்குகிறது. இருமலுக்காக மருத்துவமனை சென்றால் அன்றைய எண்ணிக்கை குறையும். ஆகவே அவர் போவதைத் தள்ளிப்போடுகிறார். இதை அலட்சியம் என்று சொல்வது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

என்ன வேலை செய்கிறீர்கள், எந்த அறையில் உட்கார்ந்து செய்கிறீர்கள், ஒரு நாள் வராவிட்டால் எவ்வளவு இழப்பீர்கள் என்று மருத்துவர் கேட்டறிந்தால், இருமல் மருந்தோடு, தூள் வைக்கத் தனி இடம் ஒதுக்குவது பற்றியும், அரசின் நல உதவிகளைப் பெற உதவும் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா என்பது பற்றியும் பேச்சு தொடங்கும்.