வீட்டு மனையில் கால் பங்கு மண் விடுங்கள்

(வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, அலுவல்களுக்கு நடுவே வேலூரிலிருந்து வந்து சிறப்பித்திருக்கும் தோட்டக்கலை அலுவலர் ஐயா அவர்களே, பள்ளி வளாகத்தை மனமுவந்து தந்த தலைமையாசிரியை அவர்களே, வெயில் பாராமல் ஒவ்வொரு குழந்தையையும் எடை பார்க்கும் அங்கன்வாடிப் பணியாளர்களே, பந்தலுக்கு வெளியே நிற்கும் அண்ணன் தம்பிகளே, முன்னால் பாயில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். எனக்குப் பொன்னாடை வேண்டாம் என்றதும் ஒரு கூடை இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் தந்தீர்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற காய், உங்கள் மண்ணின் பெருமை. நன்றியோடு பெற்றுக்கொண்டேன்.

வீட்டுத் தோட்டத்தைப் பற்றி மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்தேன்: உடல்நலம், வீட்டுச் செலவு, மண்.

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு. ரேஷன் அரிசி வயிற்றை நிரப்புகிறது. தட்டில் பச்சை எங்கே? ஒருவர் நாளொன்றுக்குக் காய், கீரை, பழம் சேர்த்து 400 கிராமாவது உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பாரில் மிதக்கும் இரண்டு துண்டு கத்தரிக்காய் அந்தக் கணக்கில் எவ்வளவு வரும்?

வங்கதேசத்தில் ஏ சத்துக் குறைவால் குழந்தைகளுக்கு மாலைக்கண் வந்த காலத்தில், ஹெலன் கெல்லர் பெயரிலான தொண்டு நிறுவனம் 1990களில் வீடுதோறும் தோட்டம் போடச் சொல்லிக்கொடுத்தது. ஒரு பருவத்துக் காயோடு நிற்காமல், ஆண்டு முழுவதும் மாறிமாறிப் பல வகை. பொறுப்பெல்லாம் பெண்கள் கையில். கீரை மட்டும் போதாது என்று கண்டு, பிறகு கோழியையும் சேர்த்தார்கள். நம் வீடுகளுக்கும் அதுவேதான்: முருங்கைக்கீரை, அரைக்கீரை, பந்தலில் அவரை, கூடவே நாலு நாட்டுக்கோழி. கீரையை எண்ணெய் விட்டுத் தாளியுங்கள். எண்ணெய் இருந்தால்தான் அதிலுள்ள ஏ சத்து உடலில் நன்றாகச் சேரும். எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்புச்சத்து சேருவது குறையும்.

"முருங்கையை நட்டவன் வெறுங்கையோடு நடப்பான்" என்பார்கள். முதுமையிலும் கோல் ஊன்றாமல் நடப்பான் என்று பொருள். ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் கேட்டதைச் சொல்கிறேன். மகன் வெளியூரில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வீடு எழும்புகிறது. வாசல் முழுக்க சிமெண்ட் தளம் போட வேண்டும் என்பது மகனின் ஆசை. குறுக்கே நிற்கிறது முருங்கை. மேஸ்திரி கோடரியோடு வருகிறார். கிழவி மரத்தடியில் பாயை விரித்துப் படுத்துவிட்டாள்! "ஆயா, எழுந்திரு. மழை வந்தால் கம்பளிப்பூச்சி வீட்டுக்குள் வரும்" என்கிறார் மேஸ்திரி. "வரட்டும். கொள்ளிக்கட்டையைக் காட்டினால் போகும். மரம் போனால் எதைக் காட்டித் திரும்ப அழைப்பாய்?" மகன் போனில் கத்துகிறான்: "அம்மா, வாசலில் முருங்கை நின்றால் வேதாளம் ஏறும் என்று ஊரே சொல்கிறது!" கிழவி சொன்னாள்: "ஏறட்டும்டா. ஏறுகிற வேதாளம் இரண்டு கொத்துக் கீரை ஒடித்துப் போட்டுவிட்டு இறங்கட்டும். உன் பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சி." மேஸ்திரி சிரித்துவிட்டார். "சுவர் வருகிற இடமாயிற்றே ஆயா?" "சுவரை வளைத்துக் கட்டு. மரம் வளையாது, சுவர் வளையும்." இன்றைக்கும் அந்தச் சுற்றுச்சுவர் முருங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது. நான் பார்த்துவிட்டு வந்தேன். முருங்கையை நட்டவன் வெறுங்கையோடு நடப்பான் என்று அந்தத் தாயும் என்னிடம் சொன்னாள்.

தாய்மார்களே, எல்லோர் வீட்டிலும் அப்படி ஒரு கிழவி இருக்கிறாளா? அதனால்தான் நான் ஊர் ஊராக ஒன்றையே கேட்டு வருகிறேன்: வீட்டு மனையில் கால் பங்கை மண்ணாக விடுங்கள். மூன்று சென்ட் மனை ஏறத்தாழ 1,300 சதுர அடி. அதில் கால் பங்கு என்றால் 300 சதுர அடிக்கு மேல் வரும். சுவரைத் தொட்டுச் சுவர் எழுப்பி, மிச்சத்தையும் சிமெண்ட்டால் மூடிவிட்டால் விதை எங்கே விழும்? மழைநீர் எங்கே இறங்கும்? பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் ஓடுகிறது. நம் வாசலையும் அடைத்துவிட்டுக் கிணற்றைக் குறை சொல்கிறோம். வாடகை வீட்டுக்காரர்கள் மாடியில் பையில் வளர்க்கட்டும், நல்லதுதான். ஆனால் வேர் தரையில் இறங்கிய முருங்கை, ஒரு கோடையில் நீங்கள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் நிற்கும். நெஞ்சுயரத்துக்கு மேல் விடாமல் கவாத்து செய்தால் குழந்தையின் கைக்கும் கீரை எட்டும்.

வீட்டுச் செலவைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தலைவர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். தோட்டக்கலை அலுவலர் ஐயா அதை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

எனக்கு வேண்டியது தீர்மானம். அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. "இனி இந்த ஊராட்சியில் வழங்கப்படும் ஒவ்வொரு வீட்டு மனையிலும் கால் பங்கு நிலம் தளம் போடாத மண்ணாக இருக்க வேண்டும், பட்டா பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும்." இதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தாள்கள் ஒவ்வொரு குழுத் தலைவியிடமும் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டவர்கள் பந்தலின் பின்பக்கம் போனால் ஆளுக்கொரு முருங்கைப் போத்து, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளைத்துண்டு, கொடுப்பார்கள். முருங்கையை நட்டவன் வெறுங்கையோடு நடப்பான். ஓட்டு வீடுள்ளவர்கள் கூரையை ஒட்டி நடாதீர்கள். கிளை முறிந்து விழும்.