கொலஸ்ட்ராலும் காலமும்

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் படம் காட்ட முடியாதே, அதனால் உங்கள் விரலையே துணைக்கு அழைக்கிறேன். குரல்வளைக்குப் பக்கத்தில், ஒரு பக்கம் மட்டும், மெல்லத் தொட்டுப் பாருங்கள். இரு பக்கமும் சேர்த்து அழுத்திவிடாதீர்கள். துடிக்கிறதல்லவா? அது மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனி. தோலுக்கு அருகிலேயே ஓடுவதால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் அதன் சுவரை அளந்துவிடலாம். உள்ளடுக்கும் நடுவடுக்கும் சேர்ந்தே நடுவயதில் பொதுவாக ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

பலரும் நினைப்பதுபோல, குழாயில் பாசி பிடிப்பதுபோலக் கொழுப்பு உள்ளே படிவதில்லை. கெட்ட கொழுப்பு என்கிறோமே, அந்த எல்.டி.எல். துகள்கள் சுவருக்குள்ளேயே நுழைந்து சிக்கிக்கொள்கின்றன. அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்களும் அங்கேயே தங்கிவிடுகின்றன. சுவர் தடிக்கிறது.

இது எப்போது தொடங்குகிறது? 1953இல் ஓர் அறிக்கை வந்தது. கொரியப் போரில் மாண்ட அமெரிக்க வீரர்கள் 300 பேரின் இதயங்களை அறுத்துப் பார்த்திருந்தார்கள். சராசரி வயது 22. போருக்குத் தகுதி என்று தேர்ந்தெடுத்த உடம்புகள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் இதயத் தமனியில் நோயின் அடையாளம்! சிலருக்கு லேசான தடிப்பு, சிலருக்கு முழு அடைப்பே. வயதானவர்கள் நோய் என்று இதை எப்படி ஒதுக்குவது? மறுபடி சொல்கிறேன், சராசரி வயது 22.

அமெரிக்காவில் பொகலூசா என்ற ஊரில் 1973 முதல் சிறுவர்களின் இரத்தத்தைப் பரிசோதித்து வந்தார்கள். அவர்கள் வளர்ந்தபின் கழுத்தை ஸ்கேன் செய்தார்கள். சின்ன வயதில் எல்.டி.எல். அதிகம் இருந்தவர்களுக்கே தமனிச் சுவர் தடித்திருக்க வாய்ப்பு கூடுதல் என்று 2003இல் தெரிந்தது. பின்லாந்தில் இதேபோல் நடந்த ஓர் ஆய்வும் அதே ஆண்டு அதையே சொன்னது. ஆகவே, இன்றைய ரிப்போர்ட்டில் உள்ள எண் பாதிக் கதைதான். அது எத்தனை ஆண்டு அப்படியே இருந்தது என்பது மீதிக் கதை.

அதற்காக வருடாவருடம் கழுத்தை ஸ்கேன் செய்ய ஓடாதீர்கள். ஓராண்டில் ஏறும் தடிப்பு சுமார் நூறில் ஒரு மில்லிமீட்டர். ஸ்கேனின் அளவுப் பிழையே அதைவிடப் பெரிது. இரத்தப் பரிசோதனை போதும்.

நல்ல கொழுப்பைப் பற்றியும் பேச நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்ட்ராலை மட்டும் சொல்லிவிடுகிறேன், அது பிறவியிலேயே தொடங்குவது. அப்பாவுக்கு 55 வயதுக்குள்ளோ அம்மாவுக்கு 65க்குள்ளோ மாரடைப்பு வந்திருந்தால், பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். வணக்கம்.